கார்டில் வந்த பாட்டு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'டி.எம்.சௌந்தரராஜன் இத்தனை காலம் நிற்பது குரலாலா, பாட்டெழுதிக் கொடுத்த கைகளாலா?' என்பது தலைப்பு. எனக்கு வந்திருப்பது கை. எதிரணி நண்பர் பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் பாடிவிட்டுப் போயிருக்கிறார். நன்றாகவே பாடினார். ஆனால் குரலுக்கு வாதாட வந்த மனிதர் ஏழு நிமிஷமும் கண்ணதாசன் வரியை அல்லவா ஐயா பாடினார்! பாதி வேலையை எனக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்.

"எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள், 1922-இல் மதுரையில் பிறந்த அந்த வெண்கலத் தொண்டை ஒன்றே ஒன்றுதான்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். சிவாஜிக்கு ஒரு விதம், எம்.ஜி.ஆருக்கு ஒரு விதம் என்று பாடிய தொண்டை அது. அதில் எனக்குத் தகராறே இல்லை. அந்தத் தொண்டை எதைத் தேடி அலைந்தது என்பதுதான் என் கேள்வி.

திருவரங்கத்தில் ரங்கராஜன் என்று ஓர் இளைஞர். பெருமாள் ஊர்ப் பிள்ளை, எழுதியதோ முருகன் மேல் பாட்டு! அதைத் தபால் கார்டில் எழுதி டி.எம்.எஸ்ஸுக்குப் போட்டுவிட்டார். கார்டில் எவ்வளவு இடம் இருக்கும்? உள்ளங்கை அகலம். அதற்குள் பல்லவி, சரணம் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. புகழில் இருக்கிற பாடகருக்கு வருகிற கார்டெல்லாம் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். இந்தக் கார்டு போகவில்லை. டி.எம்.எஸ். தானே மெட்டுப் போட்டார், தானே பாடினார். அதுதான் 'கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்'. எழுதியவரைச் சென்னைக்கும் வரவழைத்தார். அந்த ரங்கராஜன்தான் கவிஞர் வாலி. குரல் ஒன்றே போதும் என்றிருந்தால், இவ்வளவு பெரிய பாடகர் ஒரு கார்டுக்கு ஏன் ஐயா மெனக்கெட வேண்டும்?

இன்னொன்று. யாழ்ப்பாணத்து வீரமணி ஐயர் மயிலைக் கற்பகாம்பாள் மேல் எழுதிய 'கற்பகவல்லி'. அதில் சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும். கல்யாணி ராகம் வருகிற இடத்தில் அம்மனைக் 'கல்யாணி' என்றே கூப்பிட்டிருப்பார். பாகேஸ்ரீ ராகத்தில் 'பாகேஸ்வரி', கடைசியில் ரஞ்சனி ராகத்தில் 'ரஞ்சனி'. எந்த இடத்தில் எந்த ராகம் என்று எழுதின கையே கோலம் போட்டு வைத்துவிட்டது. புள்ளி தப்பாமல் இழை இழுத்தது டி.எம்.எஸ்ஸின் கெட்டிக்காரத்தனம். இதை வீட்டுக்குப் போய் ஒருமுறை கேளுங்கள். நான் பாடிக் காட்டினால் என் அணிக்கு மார்க் குறையும்.

உச்சரிப்பைச் சொல்லி எதிரணி கைதட்டல் வாங்கியது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசியவர், தமிழை அவ்வளவு சுத்தமாகச் சொன்னார் என்றார்கள். உண்மை. ஆனால் அந்த நாக்குக்குப் பரீட்சை வைத்தது யார்? 1964-இல் 'அருணகிரிநாதர்' படத்தில் அவரே நடித்து 'முத்தைத்தரு' பாடினாரே, அது அருணகிரிநாதரின் திருப்புகழ், பதினைந்தாம் நூற்றாண்டுக் கை. மூச்சு வாங்க இடம் விடாத வல்லினம். அந்தப் படியில் ஏறிக் காட்டியதால்தானே உச்சரிப்பு உச்சரிப்பு என்று இன்றைக்கும் பேசுகிறோம்?

கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை விட்டுவிட முடியாது. 1959-இல், 29 வயதில் போய்விட்டார். 'திருடாதே' படம் வந்தது 1961-இல். எழுதிய கை இல்லை, ஆனால் திரையில் டி.எம்.எஸ். பாடுவது அவர் எழுதிய வரியைத்தான்.

கடைசியாக ஒன்று. 1980-இல் 'ஒருதலை ராகம்'. டி.ராஜேந்தர் எழுதினார், டி.எம்.எஸ். பாடினார். ஒரு பாட்டு 'என் கதை முடியும் நேரமிது'. இன்னொன்று 'நான் ஒரு ராசியில்லா ராஜா'. இரண்டும் எட்டுத் திக்கும் ஒலித்த பாட்டு. அப்புறம் வாய்ப்பு குறைந்தபோது, அந்த வரிகளைப் பாடியதால்தான் தனக்கு இப்படி ஆயிற்று என்று அவரே பேட்டிகளில் வருத்தப்பட்டிருக்கிறார். காலம் மாறியது, இசை மாறியது, புதுக்குரல்கள் வந்தன. காரணம் ஆயிரம் இருக்கலாம் ஐயா. ஆனால் அவர் தொண்டையைக் குறை சொல்லவில்லை, மெட்டைக் குறை சொல்லவில்லை. நேரே சொல்லைத்தான் கைகாட்டினார். குரலுக்குச் சொந்தக்காரரே என் அணியில் வந்து உட்கார்ந்த பிறகு நான் என்ன வாதாட? மணியும் அடித்துவிட்டார்கள். உட்காருகிறேன்.