அங்கோர் வாட்டில் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள்

அன்பர்களே,

கம்போடியா போகிறவர்கள் பலர் அங்கோர் வாட்டுக்கு ஒரு காலைப் பொழுதைத்தான் ஒதுக்குகிறார்கள். குளத்தருகே நின்று சூரிய உதயத்தைப் படம் எடுத்ததும் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உதயம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோயிலின் உயிர் அதன் சுற்று மண்டபச் சுவர்களில் இருக்கிறது. அவற்றைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில் இது. மேற்கு பார்த்தது. அதனால் விடியலில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும், முகப்பு நிழலுருவமாகத்தான் தெரியும். கல்லின் செதுக்கலைக் காண வேண்டுமானால் பிற்பகல் 3 மணிக்கு மேல் இன்னொரு முறை வாருங்கள்.

காலையில் என்ன செய்வது? வளாகம் 5 மணிக்கே திறந்துவிடும். உதயம் முடிந்து கூட்டம் காலை உணவுக்குக் கலையும்போது, நீங்கள் நேரே கிழக்கு மண்டபத்துக்குப் போங்கள். அதன் தென்பாதியில் பாற்கடல் கடைந்த காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. தேவர் வரிசையின் கடைசியில் வாசுகியின் வாலைப் பிடித்து நிற்பது ஒரு குரங்கு வீரன்! காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு முகமும் தனித்தனியே எழுந்து நிற்கும்.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். கோயில் என்றாலே நம் கால் வலமாகச் சுற்றும். அங்கோர் வாட்டின் சிற்ப வரிசையோ இடஞ்சுழியாக அமைந்தது. வலம் வந்தால் கதை தலைகீழாகிவிடும். பிற்பகலில் மேற்கு வாயிலில் நுழைந்ததும் வலக்கைப் பக்கம் திரும்புங்கள். முதலில் குருசேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடுங்கள். தெற்கே திரும்பினால் மன்னனின் படை அணிவகுப்பு, அடுத்து சொர்க்கமும் நரகங்களும். வடகிழக்கில் இருப்பவை 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை, வேலைப்பாடு தாழ்ந்தது. நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். மேற்கு மண்டபத்தின் வடபாதியில் உள்ள இலங்கைப் போரை மட்டும் விடாதீர்கள்.

உச்சித் தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தோளில் துப்பட்டா போட்டால் போதாது, கையுள்ள சட்டையே வேண்டும். பௌத்தப் புனித நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகளில், அந்தத் தளம் மூடியிருக்கும். நம் நாட்காட்டிக்கும் அவர்களுடையதற்கும் ஒரு நாள் முன்பின் ஆகலாம், விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் செல்லும், இடையில் ஓய்வெடுக்கலாம். சீட்டில் உங்கள் படம் இருக்கும், ஒருவர் சீட்டை இன்னொருவர் காட்ட முடியாது. டாலர் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் வாங்கமாட்டார். சில்லறையாக, புதிதாகக் கொண்டுபோங்கள். ஏப்ரலைத் தவிருங்கள், வெயில் தாங்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

பேயோன் கோயிலின் கல் முகங்களும், மர வேர் கவ்விய தா புரோம் கோயிலும் எல்லாப் பயணத் திட்டத்திலும் இருக்கும். பலர் தூரம் என்று தவிர்ப்பது பந்தேய் ஸ்ரேயை. அங்கோர் வாட்டிலிருந்து வடகிழக்கே டுக்டுக்கில் ஒரு மணி நேரப் பாதை. 967இல் குடமுழுக்குக் கண்ட சிறு சிவன் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல். கிழக்கு வாயில் ஒன்றின் முகப்பில் சிவன் ஆடுகிறான், அவன் காலருகே வற்றிய மார்போடு ஒரு பெண். அவள் நம் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கடல் கடந்து அவ்வளவு தொலைவில் அவரைக் காணும்போது எந்தத் தமிழருக்கும் நெஞ்சு நிறையும்.

கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை 7.30க்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். நடுக்கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள், நெருங்க முடியாது. சிற்பங்கள் விரல் நுனியளவு நுணுக்கமானவை, ஆகவே பைனாகுலர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.