தலைப்பாகையில் ஒரு தோல் குஞ்சம்

(வேலூரில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அம்மையார் அவர்களே, என்னைவிட இளையவராக இருந்தும் எனக்குப் பொன்னாடை போர்த்தி என்னைக் கூச வைத்த தலைமையாசிரியர் அவர்களே, ஒலிபெருக்கியோடு மூன்று முறை மல்லுக்கட்டி வென்ற தம்பி அவர்களே, முன்வரிசையில் குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கதவோரமாக, எழுந்து போக வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு இதே மேடையில் ஒரு பெரியவரை விளிக்க மறந்துவிட்டேன். அவர் பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை. இந்த ஆண்டு யாரையாவது விட்டிருந்தால் இப்போதே மன்னித்துவிடுங்கள், அந்தப் பதினோரு மாதம் மிச்சமாகும்.

எனக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு போய்விட்டன. மூன்று செய்திகளைச் சொல்வதாகத் திட்டம். ஒன்று, இந்தச் சிப்பாய் பொம்மைகள் எங்கிருந்து வந்தன. இரண்டு, இவற்றுக்கு எப்படி வண்ணம் தீட்டுவது. மூன்று, இந்தப் பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவாகும். மூன்றாவதைக் கேட்கத்தான் பாதிப்பேர் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

மேசைமேல் இருக்கும் பெட்டியைக் கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து பாருங்கள். ஒவ்வொரு சிப்பாயும் 54 மில்லிமீட்டர், என் சுட்டுவிரல் உயரம்கூட இல்லை. நவராத்திரியில் இவர்களைக் கொலுப்படியில் நிறுத்தினேன். "தாத்தா, இவர்கள் கண்ணுக்கே தெரியவில்லையே" என்றாள் என் பேத்தி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்றேன். "அப்படியானால் சமையலறையிலேயே வையுங்கள்" என்றாள். அவள் பேச்சு அவளுடைய பாட்டியின் பேச்சு.

முதல் செய்தி. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்துத் தகரவேலைக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தட்டைப் பொம்மைகள் வார்த்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குதிரைவீரன், நேராகப் பார்த்தால் ஒரு கோடு. அந்த ஊரில் 1839-இல் ஹைன்ரிக்சன் என்பவர் தொடங்கிய பட்டறையால் 30 மில்லிமீட்டர் என்ற அளவு நிலைபெற்றது. பிறகு 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஒரு தந்திரம் கண்டார். ஈயக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றுவார். வெளித்தோல் இறுகியதும் நடுவில் இருக்கும் உருக்கைத் துளை வழியாகத் திருப்பிக் கொட்டிவிடுவார். நம் வீட்டுப் பெண்கள் கொழுக்கட்டைக்குச் சொப்புச் செய்வார்களே, பூரணம் வைக்காமல் விட்டால் எப்படியோ அப்படி. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. இங்கிலாந்துச் சந்தையை அந்த வெற்றுச் சொப்பு பிடித்துவிட்டது. ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு என்பதால் 1966-இல் அந்த நிறுவனம் ஈயப் பொம்மையை நிறுத்தியது. இது இருக்கட்டும். அவர்களுடைய பொம்மைகளில் 'மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி', அதாவது மதராஸ் சுதேசிக் காலாட்படை, என்று ஒரு வரிசை உண்டு. நம் ஊர்ச் சிப்பாயை லண்டனில் வார்த்து, லண்டன் பிள்ளைகளுக்கு விற்றிருக்கிறார்கள். நாம் வார்த்தோமா? இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் ஒரு கதை.

வில்லியம் சைபோர்ன் என்று ஒரு ஆங்கிலேய லெப்டினன்ட். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் 1815 ஜூன் 18-இல் நடந்தது. அந்தப் போரில் சைபோர்ன் இல்லை, முடிந்த பிறகுதான் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது வந்தவர் என்று வையுங்கள். அப்படிப்பட்டவரிடம் 1830-இல் அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்து கொடுக்கும்படி மேலிடம் கேட்டது. வேறொருவர் என்றால் நான்கு வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து ஆறு மாதத்தில் முடித்திருப்பார். இவர் மூட்டை கட்டிக்கொண்டு போர்க்களத்துக்கே போனார். போரின் நடுவே அடிபட்ட லா ஹே சாந்த் என்ற பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி மேட்டையும் பள்ளத்தையும் வரப்பையும் அளந்தார். அத்தோடு விட்டாரா? போரில் பிழைத்த அதிகாரிகளுக்கு வரிசையாகக் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? எதிரி எந்த அணிவகுப்பில் வந்தான்? அந்த வயலில் அப்போது என்ன பயிர் நின்றது? கவனியுங்கள், துப்பாக்கி எத்தனை என்று மட்டும் கேட்கவில்லை, பயிர் என்ன என்றும் கேட்டார். பதினைந்து, இருபது ஆண்டு கழித்து ஒரு கர்னலுக்குக் கடிதம் வருகிறது, "ஐயா, உங்கள் காலடியில் இருந்தது கோதுமையா, புல்லா?" என்று. அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்! ஆனாலும் பதில் எழுதினார்கள், நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

இதற்கிடையில் 1833-இல் அரசு பணத்தை நிறுத்திவிட்டது. வேலை பாதியில், கையில் காசில்லை. நமக்கெல்லாம் தெரிந்த நிலைமைதான், தலைவர் அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், நம் கட்டட நிதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சைபோர்ன் தன் பணத்தைப் போட்டார், கடன் வாங்கிப் போட்டார். போதாததற்கு, ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதில் அவருக்கும் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. வென்ற தளபதியோடு ஒரு லெப்டினன்ட் பொம்மையை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்! கடைசியில் 1838-இல் லண்டனில் மாதிரியைத் திறந்து வைத்தார்கள். ஏறத்தாழ 75,000 சிப்பாய்கள். ஒவ்வொருவனும் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர். கடுகு என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா? ஒரு ஷில்லிங் கொடுத்து மக்கள் திரண்டு பார்த்தார்கள். போட்ட பணம் மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. மனிதர் திருந்தினாரா? 1844-இல் இரண்டாவது மாதிரியைக் கொண்டுவந்து வைத்தார். 1849-இல் காலமானார். முதல் மாதிரியை லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

நேரம் ஓடுகிறது. இரண்டாவது செய்தி, வண்ணம். அச்சின் பிசிறை அரம் வைத்து ராவி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு பிரைமர், அதாவது அடிப்பூச்சு. கறுப்புப் பிரைமரா, வெள்ளையா என்று இரண்டு கட்சி உண்டு, நான் கறுப்புக் கட்சி. அதன்மேல் அக்ரிலிக் நிறத்தைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் சிப்பாய் களிமண் அப்பியவன்போல ஆகிவிடுவான். அடுத்து 'வாஷ்', அதாவது தண்ணீராய்க் கரைத்த அடர்நிறம். அது தானே ஓடிப்போய்ச் சட்டை மடிப்புகளில் தங்கி நிழலாகும். கடைசியாகத் தூரிகையைத் துணியில் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு வண்ணத்தோடு மேடான இடங்களை மட்டும் தடவ வேண்டும். கண்ணை எப்படி வரைவது என்று கேட்பீர்கள். வரையாதீர்கள். இந்த அளவில் புருவத்தின் நிழல் போதும், விழி வைத்தால் எல்லாச் சிப்பாயும் பேய் பார்த்தவன்போல நிற்பான். பழைய ஈயப் பொம்மை வைத்திருப்பவர்கள் ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

ஆனால் தீட்டுவதைவிடப் பெரிய வேலை, எதைத் தீட்டுவது என்று விசாரிப்பது. காலர் என்ன நிறம், கைமடிப்பு என்ன நிறம், பொத்தான் வெள்ளியா பித்தளையா? ஒவ்வொரு படைக்கும் வேறு வேறு. நெப்போலியன் படையின் பொத்தான் வரை மனப்பாடமாகச் சொல்கிற நம் ஊர் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். வேலூர்க் கோட்டையில் 1806-இல் நின்ற சிப்பாய் என்ன அணிந்திருந்தான் என்று அவரிடம் கேட்டேன். விழித்தார். அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகிவிட்டது.

பெரியோர்களே, ஒரு தொப்பிக்காகக் கோட்டை தீப்பற்றிய ஊர் நம் ஊர். தொப்பி மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை, திப்புவின் பிள்ளைகளைக் கோட்டைக்குள்தான் காவலில் வைத்திருந்தார்கள், வேறு மனக்குறைகளும் இருந்தன. ஆனாலும் மதராஸ் படைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்து உத்தரவைப் பாருங்கள். சிப்பாய்க்குப் புதுத் தலைப்பாகை, வெள்ளைக்காரன் தொப்பியின் சாயல், அதன்மேல் தோலில் செய்த ஒரு குஞ்சம். நெற்றியில் சமயக்குறி கூடாது. தாடி கூடாது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியுமுன் சுமார் 1,500 சிப்பாய்கள் இருந்த கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அதை ரத்தத்தில் அடக்கினார். பிறகு அந்த உத்தரவே காற்றில் போயிற்று, கிராடக்கையும் ஆளுநர் பென்டிங்க்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஒரு குஞ்சம், ஐயா! விரல்நீளத் தோல்! கடுகு சிறுத்தாலும்... நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

அந்தத் தலைப்பாகையை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தால் அதிகம். நான் கேட்பது ஒரு கண்ணாடிப் பேழை. கோட்டைச் சுவர், கொத்தளம், ஜூலை 10 விடியற்காலை. பத்துப் பேருக்கு ஒரு பொம்மை வீதம் நூற்றைம்பது சிப்பாய்கள் போதும், சைபோர்ன்போல நான் கடனாளியாக மாட்டேன். களிமண்ணில் உரு எடுக்க மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மைக்காரர்கள் இருக்கிறார்கள். ஐயனாருக்கு ஆளுயரக் குதிரை சுட்ட கைகளுக்கு விரல்நீளச் சிப்பாய் எம்மாத்திரம்? வண்ணத்தைப் பள்ளிப் பிள்ளைகள் தீட்டட்டும். ஆளுக்குப் பத்து என்றால் பதினைந்து பிள்ளைகள். தலைமையாசிரியர் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மறுக்கக் கூடாது.

இதே கோரிக்கையோடு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல்முறை, "பொம்மைக் கொலுவுக்கா மனு?" என்றார்கள். இரண்டாம் முறை அந்த அதிகாரி மாறிவிட்டார். மூன்றாம் முறை மனுவே தொலைந்துவிட்டது. நான்காவது மனுவைத்தான் இன்று கொண்டுவந்திருக்கிறேன், மாநகராட்சி உறுப்பினர் அம்மையார் தம் கையாலேயே சேர்ப்பிப்பதாக உறுதி சொல்லியிருக்கிறார், அவருக்கு என் நன்றி.

மூன்றாவது செய்தி, செலவு. தலைவர் மணியடித்துவிட்டார். வீட்டிலிருந்து வந்தவர்களும் முன்வரிசையில் இருப்பதால் அதை இந்த மேடையில் சொல்லாமல் விடுவதே எனக்கு நல்லது. மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து, மூன்றும் வேண்டும். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், இழுத்துப் பார்க்காதீர்கள். வணக்கம்.