மௌனப் படம் என்றால் அரைகுறைச் சினிமாவா?

வணக்கம். போன வீடியோவில் 1920களின் கடைசியில் வந்த பிரெஞ்சு மௌனப் படங்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மௌனப் படத்தில் எல்லோரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள், கண்ணை உருட்டுகிறார்கள். பேச்சு வருவதற்கு முந்தைய அரைகுறைச் சினிமாதானே அது? அதைப் போய் உச்சம் என்கிறீர்களே? சரி, பார்க்கலாம் என்றாலும் அவையெல்லாம் முழுசாகக் கிடைக்குமா?"

நல்ல கேள்வி. முதலில் அந்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுற்றித்தான் படம் எடுத்தார்கள். நொடிக்கு 16, 18, 20 பிரேம், அதாவது தனித்தனிப் படங்கள், என்று படத்துக்குப் படம் மாறும். பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலையாகிவிட்டது. 18இல் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் கல்யாண வீட்டுக்காரர் கூடக் கோமாளி மாதிரிதான் நடப்பார். கோளாறு ஓட்டியவர்களிடம், எடுத்தவர்களிடம் இல்லை.

அடுத்து, நடிப்பு. பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் சரியாகப் பதியாது. மனிதத் தோலே கறுத்துத் தெரியும். அதனால் முகத்தில் அப்பி அப்பி ஒப்பனை போட்டார்கள். அப்படி மூடிய முகத்தில் சின்ன அசைவு எதுவும் தெரியாது, கண்ணை உருட்டத்தான் வேண்டும். எல்லா நிறமும் பதிகிற பான்க்ரோமாட்டிக் ஃபிலிம் 1920களில் புழக்கத்துக்கு வந்ததும் இந்தக் கட்டாயம் போய்விட்டது.

அதை யாரையும் விட நன்றாகப் புரிந்துகொண்டவர் கார்ல் தியடோர் டிரையர். டென்மார்க் இயக்குநர். ஆனால் 1928இல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' பிரெஞ்சுக் கம்பெனி பிரான்சில் எடுத்த படம். பிரான்சுக்காகப் போரிட்ட இளம்பெண் ஜோன் மேல் 1431இல் நடந்த மத விசாரணையின் பதிவேடுகளை வைத்துத்தான் கதை. பெரிய செலவில் கோட்டை மாதிரி செட் போட்டார்கள். படத்தில் அது அங்கங்கே துண்டுதுண்டாகத்தான் தெரியும், ஏனென்றால் டிரையர் முகங்களைத்தான் எடுத்தார். யாருக்கும் ஒப்பனை கிடையாது. நீதிபதிகளின் மரு, சுருக்கம், வியர்வை எல்லாம் அப்படியே தெரிகிறது.

ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தி நாடக நடிகை. அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு கேள்வி வருகிறது. உடனே பதில் வராது. கண் எங்கேயோ போய்த் திரும்புகிறது, உதடு லேசாகத் துடிக்கிறது, அதற்கப்புறம்தான் பதில் எழுத்தில் வருகிறது. அதைப் படிக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலைமுடியை வெட்டும் காட்சியில் உண்மையாகவே அவருடைய முடியைத்தான் வெட்டுகிறார்கள். நான் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் மூச்சடைத்துப் போகிறேன். இதில் மிகை எங்கே இருக்கிறது?

கேமராவும் அப்போது கட்டவிழ்ந்துதான் திரிந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 'நெப்போலியன்' படத்துக்காகக் கேமராவைக் குதிரை மேல் கட்டினார், ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார். 1927 ஏப்ரலில் பாரிஸ் ஓபராவில் திரையிட்டபோது கடைசிப் பகுதி மூன்று திரைகளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியது. இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் மார்செல் லெர்பியே 1928இல் எமில் ஸோலாவின் 'பணம்' நாவலை எடுத்தபோது, பாரிஸ் பங்குச் சந்தைக் கட்டடத்தையே விடுமுறை நாட்களில் வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்தார். கூரை உயரத்திலிருந்து கேமரா கூட்டத்தின் மேல் இறங்கும். பணத்துக்கு அலைகிற மனிதர்கள் கீழே எறும்புகள் மாதிரி தெரிவார்கள்.

இதற்குப் பிறகு ஒலி வந்தது. பிரான்சில் அதற்கு வசதி இல்லை. அவர்களுடைய முதல் முழுநீளப் பேசும் படங்களில் ஒன்றான 'மூன்று முகமூடிகள்' படத்தை 1929இல் இங்கிலாந்துக்குப் போய்த்தான் எடுத்தார்கள். கேமராவின் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று அதை ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். குதிரை மேல் பாய்ந்த கேமரா அசையாமல் உட்கார்ந்தது. அது மறுபடி தாராளமாக நகரச் சில வருடங்கள் ஆயின. அதனால்தான் உச்சம் என்றேன். பேச்சு இல்லாத குறையோடு தடுமாறிய சினிமா அல்ல அது. முழுசாக வளர்ந்த ஒரு மொழி, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தப்பட்டது.

கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஜோன் படத்தின் நெகட்டிவ் வெளிவந்த 1928லேயே பெர்லினில் தீயில் போய்விட்டது. டிரையர் மிச்சமிருந்த வேறு டேக்குகளை, அதாவது அதே காட்சிகளைத் திரும்ப எடுத்த ஃபிலிம்களை, வைத்து இரண்டாவது நெகட்டிவ் தயாரித்தார். அதுவும் எரிந்தது. தணிக்கை வெட்டுவதற்கு முந்தைய அவருடைய முதல் வடிவம் இனி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 1981இல் நார்வேயில், ஓஸ்லோவுக்குப் பக்கத்து மனநல மருத்துவமனை ஒன்றில் அதன் பிரதி கிடைத்தது. இப்போது நாம் பார்ப்பது அதிலிருந்து வந்ததுதான்.

வாங்கும்போது படத்தின் நேரத்தைப் பாருங்கள். சுமார் 81 நிமிடம், 97 நிமிடம் என்று இரண்டு வரும். படம் ஒன்றேதான். முதலாவது நொடிக்கு 24 பிரேம், இரண்டாவது 20. நான் 97 நிமிடத்தைத்தான் சொல்வேன். அதில் அந்த முகம் தன் வேகத்தில் அசைகிறது.