பல மரம் வெட்டிய தச்சன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்தப் பனியில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'மனிதனைப் பக்குவப்படுத்துவது ஒரே வேலையில் ஊன்றி நிற்பதா, பல வேலைகளில் புழங்கி வருவதா?' என்பது இன்றைய தலைப்பு. பல வேலைகளே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்ற பழமொழியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நல்ல பழமொழிதான். ஆனால் ஐயா, அதில் வரும் தச்சன் மரங்களைக் கண்டவன். பார்த்துக்கொண்டே போனவன். எதிலும் கோடரி வைக்காதவன். நான் பேசப்போவது வெட்டியவனைப் பற்றி. பசிக்காக வேம்பையும் வாகையையும் கருவேலத்தையும் வெட்டி, எந்த மரத்துக்கு உளியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கை காய்த்துத் தெரிந்துகொண்டவனைப் பற்றி.

எனக்கு இப்போது 58 வயது. 13 வயதில் கோலி சோடா பாட்டில் கழுவ ஆரம்பித்தேன். அப்புறம் தியேட்டரில் படப்பெட்டி தூக்கினேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். வெளியூருக்குப் போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி ஜவுளிக்கடை, முகூர்த்த நாளில் பந்தி பரிமாறல். இன்றைக்கு ஒரு சின்ன மளிகைக்கடை. இதில் எந்த வேலையும் எனக்கு வீண் இல்லை.

படப்பெட்டியைப் பற்றி இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்த் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். ஒரு ரீல் என்பது 1000 அடி. ஓடி முடிய 11 நிமிடம். எங்கள் ஊரில் நாலு ரீல் ஓடி முடிந்ததும் அதைப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, 6 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அங்கே படம் ஒரு மணி நேரம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். நான் போய்ச் சேராவிட்டால் அங்கே கதை பாதியில் நிற்கும்.

ஒரு நாள் ராத்திரி, கடைசிப் பெட்டியோடு போகும்போது பாதி வழியில் சைக்கிள் பஞ்சர். ரோட்டோரத்தில் ஒரே ஒரு பஞ்சர் கடை. அங்கே ஏற்கெனவே ஒரு லாரி டயர் கழற்றிப் போட்டிருக்கிறது. "அண்ணே, கிளைமாக்ஸ் இந்தப் பெட்டியிலதான் இருக்கு" என்றேன். அவர் லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர், "முதல்ல அதைப் பாருப்பா, 500 பேர் காத்துக்கிட்டிருப்பான்" என்று விட்டுக்கொடுத்தார். டியூபை உருவித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக்கொண்டே பஞ்சர் கடைக்காரர் கேட்டார்: "தம்பி, அந்தப் பொண்ணு கடைசியில அண்ணனோட சேர்ந்துருதா?" அந்தப் படத்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் இடைவேளையில் யாராவது வந்து 'அண்ணே, வண்டி நிக்குது' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம். ஆக, அவருக்குப் படம் பாதிதான். பிசின் காய்கிற நேரத்தில் நான் நின்றபடியே மீதிக் கதையைச் சொன்னேன். அண்ணன் வீட்டு வாசலில் தங்கச்சி வந்து நிற்கும் இடம் வந்ததும் அவர் கையிலிருந்த ரப்பர் துண்டு அப்படியே நின்றுவிட்டது. லாரிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசு கொடுத்தேன். "போ தம்பி, டிக்கெட் காசு கழிஞ்சு போச்சு" என்று வாங்க மறுத்துவிட்டார். இன்றைக்கும் ராத்திரியில் ரோட்டோரம் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தால், இவர் எதைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே இருக்கிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, சிவகாசிக்கு வருகிறேன். தினசரி காலண்டரில் ராசிபலன் போடுவார்கள். 12 ராசி, 365 நாள். ஆக, வருடத்துக்கு 4380 சொற்கள். வரவு, செலவு, சுகம், பயம், வெற்றி, அலைச்சல் என்று அத்தனையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளிவந்துவிடும். அதன் பிறகு வியாபாரிகள் வந்து மாதிரியைப் புரட்டி, தங்கள் கடைப் பெயர் போட்டு ஆர்டர் கொடுப்பார்கள்.

ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி மாதிரியைப் பார்த்துவிட்டுக் கோபமாக வந்தார். "ஜனவரி 1-ல என் ராசிக்கு 'பயம்'னு போட்டிருக்கீங்க. என் காசுல அடிச்சு, என் கடைப் பேரைப் போட்டு, எனக்கே பயமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் மூத்த மெய்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அண்ணாச்சியை உட்காரவைத்து, டீ வரவழைத்தார். "மாத்திடலாம் அண்ணாச்சி. 'வெற்றி' எந்த ராசிக்கு இருக்குன்னு பாருங்க. அதை இங்க கொண்டாந்துட்டு, இதை அங்க போட்டுரலாம்." அண்ணாச்சி தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "சிம்மம். அது எங்க வீட்டம்மா ராசியில்ல?" "அப்போ மதினிக்குப் 'பயம்'னு போட்டுரவா?" அண்ணாச்சி டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "வேண்டாம்யா. அது எனக்கே இருக்கட்டும்" என்று சொல்லி, 1000 காலண்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

கோபமாக வருகிறவரோடு மல்லுக்கட்டக் கூடாது, அவருடைய பிரியம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் கற்றேன். என் மளிகைக்கடை 20 வருடமாக ஓடுவது அந்த ஒரு கோப்பை டீயால்தான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, அப்துல் கலாம் ராக்கெட் என்ற ஒரே துறையில் நின்றதால்தான் உயர்ந்தார் என்றார். அம்மா, கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. ராமேஸ்வரத்தில் அந்தச் சிறுவன் புளியங்கொட்டை பொறுக்கி மளிகைக்கடையில் விற்றான், ஒரு நாளைக்கு ஓரணா. அப்புறம் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது என்று ஆனது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். பத்திரிகை விநியோகம் செய்த உறவினருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்தான். அப்படி வாங்கிய முதல் சம்பளத்தின் பெருமிதத்தை அரை நூற்றாண்டு கழித்தும் மறக்காமல் சொன்னார் கலாம். வானத்தில் ராக்கெட்டை விட்ட கை, அதற்கு முன் புளியங்கொட்டை பொறுக்கிய கை. அந்த ஓரணாவை நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிறவர் 30 வருடம் அதே வேலையைச் செய்தவராகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. அது கைத்திறமை. நாம் பேசிக்கொண்டிருப்பது பக்குவத்தைப் பற்றி.

இன்னொன்றையும் மனது கனத்துத்தான் சொல்கிறேன். வேலைகள் நம்மை விட்டுப் போய்விடுகின்றன. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிச் சீட்டு நின்றது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. தியேட்டர்களில் ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. எங்கள் தியேட்டர் ஆபரேட்டர் படம் ஓட்டும் மெஷினின் கார்பன் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே கண் சிவந்தவர். வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள அவரை யாரும் விடவும் இல்லை. மெஷினைக் கழற்றி எடைக்குப் போட்ட அன்றைக்கு என் கடைக்கு வந்து, "நாளைக்கு 6 மணி ஆனா நான் எங்கப்பா போறது?" என்று கேட்டார். அந்த மனிதரின் உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியுமா? ஊன்றி நில் என்று சொல்கிற நண்பர்களே, ஊன்றிய இடம் பெயர்ந்துபோனால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? நான் அவரைக் கடையில் உட்காரவைத்தேன். தராசு பிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. அப்புறம் நான் பார்த்த ஆபரேட்டர் வேறு ஆள். வாயே திறக்காதவர், வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பழைய படத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. எஸ்.டி.டி. பூத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அப்போது ராத்திரி 11 மணிக்கு மேல் கால் பங்கு கட்டணம்தான். 10:45-க்கே வாசலில் வரிசை நிற்கும். தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள், தலையில் துண்டு கட்டிய பெரியவர்கள். அந்த வரிசையில் வாரா வாரம் ஓர் அம்மா வருவார். மகள் மும்பை தாராவியில் வாக்கப்பட்டிருந்தாள். முந்தானை முடிச்சில் 10 ரூபாய். "தம்பி, மீட்டர்ல பத்து ரூவா வந்ததும் கண்ணாடியைத் தட்டிரு" என்பார். நானும் தட்டுவேன். பாதி வார்த்தையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஒரு நாள் உள்ளே போனவர் பேசவே இல்லை. ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு சிரிக்கிறார், அழுகிறார், மறுபடி சிரிக்கிறார். அந்தப் பக்கம் பிறந்து பத்து நாள் ஆன பேரப்பிள்ளையின் அழுகை. சிவப்பு எழுத்தில் 10 தாண்டியது, 15 தாண்டியது. வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் தட்டவில்லை. 23 ரூபாயில் அவரே வைத்தார். மீட்டரைப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஏன்டா தட்டலை?" என்று என்னை வைதார். மீதியை நான் போட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து 10 ரூபாயோடு ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வந்தது. ஒரு கட்டு ஒரு ரூபாய் என்று அவரே விலை வைத்தார். 13 வாரம். முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தார். பதின்மூன்றாவது கட்டைக் கொடுத்துவிட்டு, "கணக்குத் தீர்ந்துச்சு" என்றார். பதினான்காவது வாரமும் கீரை வந்தது. "கணக்குத்தான் தீர்ந்துபோச்சே அம்மா" என்றேன்.

"அது பூத்துக்கு. இது உனக்கு."

நன்றி, வணக்கம்.