சீவ் மால்ம்க்விஸ்ட்: கடன் வாங்கிய மொழிகளில் ஒரு குரல்

வணக்கம் நேயர்களே. பல வருடங்களுக்கு முன் மாலை நேர ஜெர்மன் வகுப்பு ஒன்றில் எங்கள் ஆசிரியை ஒரு பாட்டைப் போட்டார். ‘லீபஸ்கும்மர் லோன்ட் ஸிஹ் நிஹ்ட்’. காதலுக்காகக் கவலைப்பட்டு ஒரு பயனும் இல்லை என்று பொருள். துள்ளலான மெட்டு. எல்லோரும் தாளம் போட்டு முடித்தபிறகு, “பாடுகிறவர் ஜெர்மானியரே இல்லை, தெரியுமா?” என்றார். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு.

அவர்தான் ஸ்வீடன் பாடகி சீவ் மால்ம்க்விஸ்ட். 1936 டிசம்பர் 31 அன்று தென்கோடி ஊரான லான்ட்ஸ்க்ரூனாவில் பிறந்தவர். ஜலசந்தியைத் தாண்டினால் டென்மார்க். வேற்றுமொழி அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. பிற்பாடு பத்து மொழிகளில் பாடினார்.

ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டி. ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டை அனுப்பும். 1959இல் ஸ்வீடனின் தேர்வுப் போட்டியில் சீவ் பாடிய பாட்டு ஜெயித்தது. ஆனால் யூரோவிஷன் நடந்த பிரான்ஸின் கான் நகருக்குப் போய்ப் பாடியது இன்னொரு பாடகி, பிரிட்டா போரி! 1960இல் லண்டனுக்கு இவரே போனார். 1961இல் மறுபடி இவர் பாடிய ‘ஏப்ரல், ஏப்ரல்’ ஜெயித்தது. ஜெயித்த பாட்டை மேடையில் திரும்பப் பாடவேண்டும் அல்லவா? ஆரம்பத்தைத் தவறவிட்டார், வரி மறந்துபோனது, விசிலடித்துச் சமாளித்தார், சிரிப்பு வேறு வந்துவிட்டது. நீங்களும் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்போம். பத்திரிகைகள் சிரிக்கவில்லை. அந்த வருடம் யூரோவிஷனுக்கு லில்-பாப்ஸ் என்ற வேறொரு பாடகி போனார். பாட்டு ஜெயிக்கிறது, பாடியவர் வீட்டில் இருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை!

சரி, ஜெர்மனிக்கு வருவோம். ஸ்வீடன் சின்னச் சந்தை, ஜெர்மனி பெரிய சந்தை. அதனால் இசைத்தட்டு கம்பெனிகள் பாடகர்களை வேற்றுமொழியில் பாடவைத்தன. நான் தொடக்கத்தில் சொன்ன பாட்டு, கிறிஸ்டியான் ப்ரூன் இசையமைத்தது, 1964இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் நடந்த பாட்டு விழாவில் முதல் பரிசு வாங்கியது. விற்பனைப் பட்டியலிலும் பத்து வாரம் முதலிடம். இங்கே என் காது நிற்பது ஓர் எழுத்தில். ஜெர்மன் ‘ஸிஹ்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் தேனீ போல ஒரு ரீங்காரம் வேண்டும். ஸ்வீடிஷில் அந்த ஒலியே கிடையாது, வெறும் ‘ஸ்’தான். சொந்த மொழியில் இல்லாத ஒலியை, மெட்டு ஓடுகிற வேகத்தில் பிடிக்கவேண்டும். பாட்டுக்காரருக்கு அது சாதாரண வேலையா?

அதே வருடம் இத்தாலியர் உம்பெர்ட்டோ மார்க்காட்டோவோடு பாடிய ‘சோலே சோலே சோலே’ அமெரிக்காவின் முதல் நூறு பாட்டுகளின் பட்டியலில் ஏறியது. 1969இல் மாட்ரிட் யூரோவிஷனில் ஜெர்மனிக்காகவே பாடினார், ஒன்பதாம் இடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அவருடைய நாடக வாழ்க்கையைப் பற்றிப் பேச நினைத்தேன், நேரமில்லை. 2004இல், 67 வயதில், இரண்டு தோழிகளோடு அந்த ஸ்வீடன் தேர்வுப் போட்டி மேடைக்கே திரும்பி வந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போது அந்த ஜெர்மன் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். ‘ஸிஹ்’ வரும்போது கொஞ்சம் காதைக் கொடுங்கள்.