வேப்பிலை யாருக்காகக் கட்டினோம்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாராவித் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

‘பிள்ளைக்குத் தடுப்பூசி: பெற்றோரின் சொந்த முடிவா, தெருவுக்கும் பங்குள்ள பொறுப்பா?’ இதுதான் தலைப்பு. நான் தெருவின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணாச்சி எடுத்த எடுப்பிலேயே “என் பிள்ளை, என் வீடு, என் முடிவு” என்றார். கைதட்டலும் பலமாகத்தான் இருந்தது.

வீடு என்றாரே, அதிலிருந்தே வருகிறேன். அண்ணாச்சி, உங்கள் கோலியும் என் கோலியும், அதாவது நம் ஒற்றை அறை வீடுகள், பத்துக்குப் பத்து. நடுவில் ஒரே சுவர். உங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் அன்றைக்குக் குழம்பே வேண்டாம், வாசத்திலேயே சோறு இறங்கிவிடும். தட்டம்மைக் கிருமி அந்த வாசத்தைவிடப் பொல்லாதது. அம்மை கண்ட பிள்ளை இருமிவிட்டு எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். காற்றுக்கு ஏது உங்கள் வீடு, எங்கள் வீடு?

“பெற்றோர் உரிமை நம் பண்பாடு” என்றும் சொன்னார்கள். சரி, பண்பாட்டையே பார்ப்போம். என் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வீட்டில் பிள்ளைக்கு மணல்வாரி, அதாவது இந்தத் தட்டம்மை, கண்டால் முதலில் என்ன செய்வாள்? நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவாள். அதைப் பார்த்ததும் பால்காரர் வாசலோடு நின்றுவிடுவார். கைப்பிள்ளைக்காரி எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போவாள். எங்கள் வீட்டிலிருந்தும் யாரும் கல்யாணம், காதுகுத்து என்று கிளம்ப மாட்டோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான் நடைமுறை. அந்த வேப்பிலை யாருக்காக, நடுவர் அவர்களே? உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு விசிற ஒரு கொத்து தனியாக இருந்தது. வாசலில் கட்டியது தெருவுக்காக. “என் வீட்டு அம்மை, என் உரிமை” என்று ஆச்சி கொத்தைக் கழற்றிப் போட்டிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா?

எதிரணித் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி. “உன் பிள்ளைக்குத்தான் ஊசி போட்டாயிற்றே, என் பிள்ளைக்குப் போடாவிட்டால் உனக்கென்ன நட்டம்?”

எனக்கு நட்டமில்லை, தங்கச்சி. எட்டு மாதப் பிள்ளைக்குத்தான் நட்டம். நம் நாட்டில் தட்டம்மைக்கான முதல் ஊசியை ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன்பே கரையத் தொடங்கிவிடும். ஊசியும் இல்லை, தாய் கொடுத்ததும் தீர்ந்துபோச்சு என்று ஒரு பிள்ளை நடுவாற்றில் நிற்கும் காலம் அது. அப்போது அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, அதைத் தூக்கிக் கொஞ்ச வரும் மற்ற பிள்ளைகளுக்குத் தட்டம்மை வராமல் இருப்பதுதான். நூற்றுக்கு 95 பிள்ளைகளாவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் இந்த நோய் தெருவுக்குள் பரவாமல் நிற்கும் என்கிறார்கள். 2022 கடைசியில் இதே மும்பையின் கோவண்டியில் தட்டம்மை பரவி என்ன நடந்தது என்று மும்பைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் செத்தார்கள். ஊசி விட்டுப்போன குடிசைப் பகுதிகளில்தான் நோய் புகுந்து விளையாடியது.

அடுத்து அண்ணாச்சி 2008 திருவள்ளூரை எடுத்தார். தட்டம்மை ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதை நான் மறுக்கவில்லை. மறுப்பவர்கள் பேச்சை நானே கேட்க மாட்டேன். அந்த நான்கு தாய்மாரிடம் போய்ப் புள்ளிவிவரம் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது? ஊசியே வேண்டாம் என்று ஓடவா, இல்லை, ஊசி போடுகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கவா?

எங்கள் சாலுக்கு, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, ஊசி போட வரும் மராத்தித் தாயி (அக்கா) எனக்கு ஒன்று காட்டினார். சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வெயில் பட்டு, சூடேறி, சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் குப்பை. “காட்டுங்கள்” என்று கேட்டால் காட்டுவார்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது, ஒவ்வாமை ஏதாவது வந்தால் உடனே பார்ப்பதற்காக. நாமோ பத்து நிமிடத்தில் “குழாயில் தண்ணீர் வந்திருக்கும்” என்று எழுந்து ஓடுகிறோம்.

ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற வாட்ஸப் செய்திக்கு அதிக நேரம் கொடுக்க மாட்டேன். 1998-இல் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து லண்டனில் ஒருவர் எழுதிய கட்டுரை அது. வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. நம் குடும்பக் குழுவில்தான் இன்னும் திரும்பப் பெறவில்லை.

இப்போது என் குட்டையும் உடைக்கிறேன், எதிரணி சந்தோஷப்படட்டும். என் சின்னவனுக்கு இரண்டாவது தட்டம்மை ஊசி ஆறு மாதம் தள்ளித்தான் போட்டேன். கொள்கை ஒன்றும் இல்லை. கோயில் கொடை பார்க்க ஊருக்குப் போனோம். திரும்பி வந்தால் அட்டையைக் காணோம். அட்டை இல்லாமல் போனால் திட்டுவார்கள் என்று பயம். போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியாது, அந்தச் சம்பளம் போச்சு என்று ஒரு கணக்கு. கடைசியில் அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில், ரேஷன் கார்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்தத் தெருவில் ஊசி விட்டுப்போன வீடுகளில் பாதிக் கதை இதுதான் என்று நினைக்கிறேன். சித்தாந்தம் பேசிப் போடாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் இதை ‘முடிவு’ என்பதே எனக்கு உறுத்துகிறது. ஒருத்தி வேலைக்குப் போகும்போது அடுத்த வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் தெருவின் பங்குதான்.

தெரு என்றால் போலீஸ் என்று திரிக்காதீர்கள். 1897 பிளேக்கில் வெள்ளைக்காரன் வீடு புகுந்து ஆட்களை இழுத்துப்போன கொடுமையை இந்த மாகாணம் மறக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில், இதே பம்பாயில், தான் செய்த பிளேக் ஊசியை ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரில் நிறுவனம் இன்றும் இருக்கிறது. நான் கேட்கும் பொறுப்பு அவர் வழியிலானது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். நான்காவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு ஆச்சி மடியில் பிள்ளை தூங்குகிறது. வரும்போதே விசாரித்தேன், ஏழரை மாதம். இன்னும் ஆறு வாரம் போனால்தான் அதற்கு முதல் ஊசி. அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கிப் போய், “என் பிள்ளைக்குப் போடாமல் விடுவது என் சொந்த விஷயம்” என்று அந்த ஆச்சியிடம் ஒரு தடவை சொல்லட்டும். ஆச்சி சரி என்றால் நான் என் கட்சியை விட்டுவிடுகிறேன்.