புளிச்சக்கைக்கு ஒரு வக்கீல்

(தலைப்பு: வீட்டைச் சுத்தமாக வைக்கப் பெரிதும் உதவுவது அடுக்களைப் பொருளா, கடைப் பாட்டிலா? 'அடுக்களைப் பொருளே' என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, பொங்கல் வேலையை முடித்துவிட்டு ஈரக் கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். சாப்பிடுகிற பொருளை எடுத்துத் தேய்ப்பது வீண். புளியும் எலுமிச்சையும் கிருமியைக் கொல்லாது. இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? தம்பி கடைசியாகப் பாத்திரம் தேய்த்தது எப்போது என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் மனைவி இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வீண் என்றாரே, அதை முதலில் எடுக்கிறேன். ஐயா, எந்த வீட்டில் புதுப் புளியை எடுத்துக் குத்துவிளக்கு தேய்க்கிறார்கள்? ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த பிறகு கையில் மிஞ்சுகிறதே சக்கை, அதுதான் விளக்குக்குப் போகிறது. சாறு பிழிந்த எலுமிச்சை மூடி, யாரும் குடிக்காமல் புளித்துப்போன மோர், சோறு வடித்த கஞ்சி, எண்ணெய்க் குளியலுக்குக் கரைத்து மீந்த சீயக்காய் எல்லாம் இந்தக் கணக்குதான். குப்பைக்கோ சாக்கடைக்கோ போக வேண்டியவை, போகிற வழியில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகின்றன. இதில் வீண் எங்கே வந்தது?

அந்தச் சக்கை என்ன செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. காற்றும் ஈரமும் பட்டு அதன் மேல் செம்பு ஆக்சைடு கறுப்பாகப் படிகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. கூடச் சேர்க்கும் கல் உப்பு அதை விரைவாக்குவதோடு கொஞ்சம் சுரண்டியும் கொடுக்கிறது. இதில் ஒரு பக்குவம் உண்டு. தேய்த்த கையோடு கழுவி, ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். புளியில் ஊறப்போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால், மேலே இருக்கும் துத்தநாகமும் கரைந்து விளக்கு திட்டுத்திட்டாகச் சிவந்து நிற்கும்.

அடுத்து இட்லிப் பானை. அலுமினியப் பானையில் போர்த் தண்ணீரை ஊற்றி நாள்தோறும் இட்லி அவித்தால் உள்பக்கம் கறுத்துவிடும். அதனால்தான் அடித் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சை மூடியோ போடுகிறோம். தண்ணீரில் இருக்கும் காரத்தன்மையை அமிலம் அடக்கிவிடுகிறது, பானை கறுப்பதில்லை. தேய்க்கிற வேலையே இல்லை ஐயா, கறையை வரவிடாமல் செய்கிற வேலை. எதிரணியின் பாட்டிலிலிருந்து இட்லி வேகும்போது ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்கள், பார்ப்போம்!

வெந்நீர்க் கெட்டிலில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிச் சூடாக்கி அரைமணி நேரம் விட்டால் கரைந்து வரும். நன்றாக அலசிவிட்டு அதே கெட்டிலில் காபிக்குத் தண்ணீர் வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியின் பெயரைச் சொல்லி செல்போனில் ஓடும் எல்லா வீடியோவுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆப்பச் சோடாவில் வினிகரை ஊற்றி, நுரை பொங்கியதும் "பாருங்க, அழுக்கு போகுது" என்கிறார்கள். அங்கே போவது கார்பன் டை ஆக்சைடு. ரெண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர்தான். சோடாவைத் தனியாகப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேயுங்கள், வினிகரைத் தனியாக ஊற்றி உப்புக்கறையைக் கரையுங்கள். மொசைக், மார்பிள் தரைப்பக்கம் எலுமிச்சையைக் கொண்டுபோகாதீர்கள். கெட்டிலில் கரைந்த அதே கால்சியம் கார்பனேட்தான் மார்பிளும், தரையின் பளபளப்பே போய்விடும். அலுமினியச் சட்டிக்கு சோடாவும் ஆகாது. அப்புறம், எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் ஊறவைத்து, வீடு துடைக்க எடுக்கும் 'என்சைம்' என்கிற புளித்த திரவம் ஒன்று இருக்கிறது. செய்கிறவர்கள் செய்யட்டும். என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்கிய வெல்லம் பொங்கல் பானைக்குத்தான்.

எதிரணி கைதட்டுகிறது. நன்றாகத் தட்டுங்கள். எங்கள் பொருள் எங்கே ஆகாது என்பதை நாங்கள் மைக்கில் சொல்கிறோம். உங்கள் பாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற பொடி எழுத்தில் சொல்கிறது.

கிருமிக்கு வருகிறேன். வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி என்றால் கழிவறைக்கு பிளீச்சிங் பவுடர்தான், எலுமிச்சை போதாது. ஒப்புக்கொண்டேன். ஆனால் குத்துவிளக்கில் எந்தக் கிருமியைக் கொல்லப் போகிறோம்? கெட்டிலில் தண்ணீரே கொதிக்கிறது. அன்றாடம் நாம் மல்லுக்கட்டுவது பிசுக்கு, களிம்பு, உப்புக்கறை, தூசி. இவற்றை அகற்றினால் போதும், யாரையும் கொல்ல வேண்டியதில்லை.

கொல்கிற பாட்டிலைப் பற்றியும் தம்பி முழுதாகச் சொல்லவில்லை. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது போதவில்லை என்று மேலே பிளீச்சிங் கரைசலையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு சின்னக் கழிவறைக்குள் நிற்பவரின் கதி என்ன? எங்கள் வினிகரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது, அதே வாயுதான் வரும். ஆனால் புளிச்சக்கையை எட்டாத உயரத்தில் பூட்டி வைத்த தாயை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கடைசியாக, நேரம். பாட்டிலை வாங்கி வைத்தால் பாத்திரம் தானாகத் தேய்த்துக்கொள்ளுமா தம்பி? எதைப் போட்டாலும் தேய்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை உங்கள் வீட்டில் ரெண்டுதானா, நாலா என்பதுதான் நேரத்தின் கணக்கு. அதற்கு எந்தக் கம்பெனியும் பாட்டில் போடவில்லை.

எனக்குப் பின்னால் எதிரணிக்காகப் பேச வரும் அக்காவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று உங்கள் வீட்டுப் பூசையறை விளக்கை எதை வைத்துத் தேய்த்தீர்கள் அக்கா? அதை இந்தச் சபையில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.